பெரியவளின் லேப்டாப்

சின்னவள் பெரியவளுக்குத் தரவேண்டிய பாக்கி ஆறாயிரத்து நானூற்று எழுபது. தன் லேப்டாப் திரை உடைந்தபோது சின்னவள் வாங்கியது. "வேலை நிரந்தரமானதும் தந்துடறேன்க்கா" என்று சொல்லியிருந்தாள். அண்ணனையும் தம்பியையும் கட்டிய ஓரகத்திகள் இருவரும். ஒரே அடுப்பு, ஒரே ஆபீஸ். அங்கே சின்னவளைப் பெரியவள்தான் சொல்லிச் சேர்த்துவிட்டாள்.

சேர்த்துவிட்டதுதான் வினையாகப் போயிற்று. எங்கே பார்த்தாலும் சின்னவள் பேச்சு. வெப்சைட்டில் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை, அது ஓடத் தேவையான சட்டி பானை எல்லாவற்றோடும் ஒரே பெட்டியாகக் கட்டிவிடுவாள். கண்டெய்னர் என்பார்கள். மூட்டை முடிச்சோடு வருகிறவனை எந்த வீட்டிலும் குடிவைக்கலாம் இல்லையா, அந்த மாதிரி எந்த மெஷினில் இறக்கினாலும் எழுந்து ஓடும். பெரியவள் இத்தனை வருஷம் ஒவ்வொரு மெஷினாக ஏற்றி இறக்கி முதுகொடிந்த வேலை அது.

"சின்னப் பொண்ணு கைராசிக்காரிப்பா!" என்றார் முதலாளி. வீட்டுக்கு வந்தால் மாமியாரும் அதே பாட்டு. பெரியவளுக்கு வயிறு எரிந்தது. முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

கட்டில் கடைக்காரர் ஒருவர், தன் கடைக்காகச் சின்னவள் செய்த வெப்சைட் பக்கத்தைப் பார்க்க வரும் நாள் வந்தது. அவருக்குப் பிடித்தால் சின்னவளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்த மாதத்தோடு சரி.

அன்று காலை பெரியவள் தன் திரையில் ஒன்றைக் கண்டாள். கட்டில் படங்களையும் விலைகளையும் எடுத்துக் கொடுக்கிற புரோகிராம் முன்பு அவள் லேப்டாப்பில்தான் ஓடியது. அதைப் பெரிய சர்வருக்கு மாற்றியாகிவிட்டது. இங்கே சும்மா அணைக்காமல் விட்டிருந்தாள். ஆனால் சின்னவளின் பெட்டி இன்னும் இங்கேதான் வந்து கேட்டுக்கொண்டிருந்தது. பழைய முகவரியை மாற்றாமலே கட்டிவிட்டாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாற்றிக் கட்டிவிடுவாள். பெரியவளுக்கு நாக்கு எழவில்லை.

கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். "காட்டும்மா, நம்ம கடையை."

பெரியவள் சத்தமில்லாமல் தன் லேப்டாப்பை மடக்கினாள். மடக்கினால் அதில் ஓடுவதெல்லாம் நின்றுவிடும்.

பக்கம் வந்தது. கடைப் பெயர் வந்தது, நிறம் வந்தது, பொத்தான்கள் வந்தன. கட்டில் மட்டும் வரவில்லை.

"என்னம்மா, அதுக்குள்ள எல்லாம் வித்துப்போச்சா?" என்று சிரித்தார். சின்னவள் திரும்பத் திரும்பத் தட்டினாள். அவர் சிரிப்பு நின்றது. "கடையைக் காட்டச் சொன்னா காலி ரூமைக் காட்டுறீங்களே!" எழுந்து போய்விட்டார். முதலாளியும் பின்னாலேயே ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் சின்னவள் கண்டுபிடித்துவிட்டாள். நேரே பெரியவளின் மேஜைக்கு வந்தாள்.

"பழைய அட்ரஸை விட்டுட்டேன்க்கா. என் தப்புதான்." மடக்கின லேப்டாப்பைப் பார்த்தாள். "ஆனா காலையிலேருந்து என் பெட்டி வந்து கேட்டுக்கிட்டே இருந்தது உங்க திரையில தெரிஞ்சிருக்குமேக்கா?"

"சார்ஜ் இறங்கிடுச்சு..." என்றாள் பெரியவள். சார்ஜர் ஒயர் செருகினபடியே இருந்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள்.

மாதக் கடைசியில் சின்னவள் கடைசிச் சம்பளத்தோடு சமையலறைக்கு வந்தாள். அடுப்பு மேடையில் பணத்தை வைத்தாள்.

"வேணாம்டி, விட்டுடு. நமக்குள்ள என்ன கணக்கு?"

"எண்ணிப் பாத்துக்கோங்க."

எண்ணினாள். ஆறாயிரத்து நானூற்று எழுபது, சரியாக இருந்தது. நிமிர்ந்தபோது சின்னவள் போய்விட்டிருந்தாள். அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.