நம்பர் போடாத கடிதம்

ஆஸ்பத்திரி ஆபீசின் தபால் ஜன்னலில் அந்தக் கடிதத்தை அவள் மூன்றாவது தடவையாக நீட்டினாள். உள்ளே இருந்த தபால் அண்ணன் கையால் தொடவே இல்லை. செத்த எலியைத் தள்ளுகிற மாதிரி பேனாவால் திருப்பித் தள்ளினார்.

"வேண்டாம்மா, எடுத்துட்டுப் போயிடு."

"ராஜினாமா கடிதம்ணே. நம்பர் போட்டு வாங்கிக்கிறதுல உங்களுக்கு என்ன நோவுது?"

"எனக்கென்ன? ஜவ்வு சொல்லிட்டாரு. ஷீல்டு கைக்கு வர்ற வரைக்கும் எந்த ராஜினாமாவுக்கும் நம்பர் கிடையாதாம். நம்பர் இல்லேன்னா வரவே இல்லைன்னு அர்த்தம்."

"கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறேனே, அப்ப இது என்ன?"

"காகிதம்," என்றார் தபால் அண்ணன்.

ஜவ்வு என்பது ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர். எதைக் கேட்டாலும் இழு இழு என்று இழுப்பார். பெயர் வைத்தவன் கண்ணுள்ளவன். ஆள் விலகாத ஆபீசுக்கு மேலிடத்தில் ஒரு ஷீல்டு கொடுக்கிறார்கள். இருக்கிறவன் ஏன் ஓடுகிறான் என்று கேட்க வக்கில்லை. ஓடாத ஆபீசுக்குப் பித்தளைத் தட்டு. அன்றைக்கு மத்தியானம் அதைக் கொடுக்கத்தான் மேலதிகாரி வருவதாக இருந்தது.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை அறையில் வேலை. லேப் அக்கா என்றால் ஆஸ்பத்திரிக்கே தெரியும். அறையில் முக்காலி ஐந்து, ஆள் அவள் ஒருத்தி. மற்ற நாலு பேரும் இரண்டு வருஷத்துக்குள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவளுக்கும் ஒரு தனியார் லேபில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் விடுவிப்பு ஆணையோடு வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். இன்றைக்கு வெள்ளி.

"பெத்தவங்களே உன்னைக் கட்டிக்கொடுத்து அனுப்பிட்டாங்க. ஆஸ்பத்திரிக்காரனுக்குத்தான் மனசு வரல," என்று காலையில் புருஷன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முந்தின நாள் கோட்டு போட்ட ஒருத்தன் ஊழியர்களுக்கு ஊக்கம் ஊட்ட வந்தான். எல்லாரையும் கையைத் தூக்கச் சொல்லி, 'என் வேலை என் மூச்சு' என்று கத்த வைத்தான். ஒரு மணி நேரம் கத்தினார்கள். வெளியே நாற்பது நோயாளிகள் வெறும் வயிற்றோடு நின்றார்கள். போகும்போது ஆளுக்கொரு சிரித்த மூஞ்சி பேட்ஜ் குத்திவிட்டான். அதன் ஊசி சாயங்காலமே ஒடிந்துவிட்டது.

அவள் லேபுக்குத் திரும்பி ஃபிரிட்ஜைத் திறந்தாள். ரத்த டியூபுகளுக்கு நடுவே ஜவ்வின் சாப்பாட்டு டப்பா இருந்தது. அவர் அறை ஃபிரிட்ஜ் ரிப்பேராம். 'ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே' என்று வைத்து மூன்று மாதமாயிற்று. குழம்பு வாடையும் ரத்த வாடையும் கலந்து அடித்தது.

பதினோரு மணிக்கு ஜவ்வே வந்தார். கதவைச் சாத்தினார். சட்டைப்பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தார்.

"சர்க்கரை பாரும்மா. ரிஜிஸ்டர்ல ஏத்த வேண்டாம்."

அவருக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. இரண்டு வருஷம் பதவி நீட்டிப்பு கேட்டு எழுதியிருக்கிறார். சர்க்கரை ஏட்டில் ஏறினால் அது போச்சு.

"இது என்ன சார்?"

"ரத்தம்மா. பார்த்தா தெரியல?"

"நம்பர் இல்லையே. அப்ப இது வரவே இல்லை சார்."

ஜவ்வு அவளை முறைத்தார். பிறகு பல்லைக் காட்டினார். "பலே ஆளுதான் நீ. சரி, அரை மணியில ஆணை உன் கைக்கு வரும். நீ பாரு."

பதினொரு வருஷத்தில் நம்பர் போடாமல் அவள் பார்த்த முதல் ரத்தம் அது. பார்த்து முடித்துக் கையை மூன்று தடவை கழுவினாள். நாற்றம் கையில் இல்லை.

ஆணையோடு அவரே திரும்பி வந்தார்.

"முந்நூத்தி நாப்பது சார். டாக்டரைப் பாருங்க. ரொம்ப நேரம் நிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அதை வாங்கிப் படித்தாள். 'உயர் பயிற்சிக்காக விடுவிக்கப்படுகிறார்.'

"பயிற்சியா? நான் வேலையை விட்டுல்ல போறேன்!"

"போயேன், யாரு தடுத்தா? விடுவிக்கப்படுகிறார்னு இருக்குல்ல, அங்க அது போதும். இங்க கணக்குல யாரும் விலகல. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அப்ப அந்த நாலு பேரு?"

"அவங்களும் பயிற்சியிலதான் இருக்காங்க," என்று கண் சிமிட்டிவிட்டுப் போனார்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆள் போடுங்கள் என்று இரண்டு வருஷமாக மேலிடத்துக்கு எழுதினாள். ஒவ்வொரு தடவையும் 'இடம் ஐந்து, ஆள் ஐந்து, காலி இல்லை' என்றே பதில் வந்தது. ஐந்து பேர் வேலையை ஒற்றை ஆளாக இழுத்தது இந்தப் பித்தளைத் தட்டுக்காகத்தான். இனி அந்த ஒற்றை ஆளும் இருக்கப்போவதில்லை, ஆனால் காகிதத்தில் ஐந்து பேரும் இருப்பார்கள்.

ஆணையைக் கிழித்து அவர் மூஞ்சியில் எறியலாம். எறிந்தால் திங்கட்கிழமை போய்விடும். மடித்துப் பையில் வைத்தாள். அதுதான் இருக்கிறதிலேயே அசிங்கமாக இருந்தது.

பிறகு ஒரு பெரிய தாளை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'இந்த அறையில் வேலை பார்த்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் போய்விட்டார்கள். ஒருவரும் பயிற்சியில் இல்லை.' தேதி போட்டாள். லேப் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். ரிஜிஸ்டரில் அடுத்த நம்பரை அதற்குக் கொடுத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தி, அதன் மேல் ஒட்டினாள்.

வரிசையில் முதலில் நின்றவள் நிறைமாத கர்ப்பிணி. "அப்ப நாங்க எங்க போறதுக்கா?" என்றாள்.

லேப் அக்கா தாழ்வாரத்துக் கோடியில் மாலையும் கேமராவுமாக வந்துகொண்டிருந்த கும்பலைக் கைகாட்டினாள்.

ஜவ்வும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். ஓட்டமும் நடையுமாக வந்து கதவில் முதுகை ஒட்டிக்கொண்டார். ஷீல்டை அங்கேயே கொடுத்தார்கள், அங்கேயே படம் பிடித்தார்கள்.

"லேபைப் பார்க்கலாமா?" என்றார் மேலதிகாரி.

"உள்ள பூச்சி மருந்து அடிச்சிருக்கோம் சார். நீங்க முன்னாடி போங்க, நான் வந்துடறேன்."

ஜவ்வின் நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. கால் நடுங்கியது. ஷீல்டை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றார், நகரவில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கினாள். பின்னால் அந்தக் கர்ப்பிணியின் குரல் கேட்டது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க முதுகுக்குப் பின்னாடி என்னமோ எழுதியிருக்கு."