போர்னியோ படகில் நாலாவது சீட்டு

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரர் கணேசபாண்டியனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எங்கேயும் போனதில்லை. சண்டையெல்லாம் இல்லை. பம்பாய் லோக்கல் ரயில்தான் காரணம். சயான் ஸ்டேஷனில் வண்டி வந்தால் அவர் ஜென்ட்ஸ் பெட்டிக்கு ஓடுவார், நான் லேடீஸுக்கு ஓடுவேன். தாணே கோயிலுக்குப் போனாலும் இதே கதைதான். இறங்கின பிறகுதான் புருஷன் முகத்தைப் பார்க்க முடியும்.

அதனால் மகள் ஷாலினி போர்னியோ மழைக்காட்டு ஆற்றில் படகுப் பயணத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தபோது எனக்கு ஒரே ஆசைதான். குரங்கும் வேண்டாம், யானையும் வேண்டாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும்.

படகுத்துறையில், எங்களோடு டூரில் வந்த செம்பூர், மாட்டுங்கா ஆட்களோடு வரிசையில் நின்றோம். ஒரு படகு வருவது தெரிந்ததுமே இவருக்குக் கால் பரபரத்தது.

"ஏட்டி பேராச்சி, நான் முதல்ல ஏறி ஜன்னல் சீட்டு புடிக்கேன். நீ பைய வா."

திறந்த படகில் ஏது ஜன்னல்? கேட்பதற்குள், குர்லாவில் ஓடுகிற வண்டியில் தாவுகிற மாதிரி தாவிவிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அது முகாமுக்கு மளிகை கொண்டுபோகிற படகு. ஒரு மூட்டையை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. முட்டைக்கோஸுக்கு நடுவில் என் வீட்டுக்காரர் கையை ஆட்டிக்கொண்டே மறைந்தார்.

பிறகு எங்கள் படகு வந்தது. என் பெஞ்சில் மாட்டுங்கா மாதவ் சாரும் அவர் வீட்டம்மாவும் உட்கார்ந்துவிட்டார்கள். மூக்கு நீண்ட குரங்குகள் மரத்துக்கு மரம் தாவின, எல்லாரும் கத்தினார்கள். இவ்வளவு தூரம் வந்தும் தனியாகத்தானே போகிறேன் என்று எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

கைடு போன் பண்ணிச் சொன்னதில், இரண்டு வளைவு தாண்டி மளிகைப் படகு காத்து நின்றது. இவரைக் கைகொடுத்து எங்கள் படகுக்கு மாற்றினார்கள். காலி இடம் கடைசி வரிசையில்தான் இருந்தது. மனுஷர் அங்கே போகத் திரும்பினார். எனக்கு வந்ததே கோபம்!

"மாதவ் சார், தோடா சர்கோ!" என்றேன், லோக்கலில் கொஞ்சம் நகரச் சொல்கிற அதே இந்தியில்.

மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆளை ஏற்ற, தினமும் லோக்கலில் அப்படியே போகிற பம்பாய்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டுமா? லைஃப் ஜாக்கெட் நசுங்க அவர்கள் நகர்ந்தார்கள். இவர் பாதி பெஞ்சிலும் பாதி காற்றிலுமாக உட்கார்ந்தார்.

"பின்னால தாராளமா இடம் கெடக்கேட்டி."

"கெடக்கட்டும். நீங்க இங்கன இருங்க."

விழாமலிருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கரையில் யானை தெரிய, படகே எழுந்து நின்றது. இவரும் எழப் பார்த்தார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"எந்திரிச்சா சீட்டு போயிரும்."