ஆறு மில்லிமீட்டர்

“தலையை யாராவது பிடிங்க, உருண்டு போகுது!” என்று முன்னறையிலிருந்து குரல் வந்தபோது, அவன் சமையலறை வாசலில் நின்று அமரர் ஊர்தி ஓட்டுநரோடு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

மறுமுனையில் ஓட்டுநருக்கும் அது கேட்டுவிட்டது. “சார், பாடியை நாங்க வந்துதான் தூக்கணும். நீங்களா எதுவும் பண்ணிடாதீங்க.”

“அது வேற தலைங்க.”

அதற்குமேல் ஓட்டுநர் எதுவும் கேட்கவில்லை. நாலு மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். “உங்கள் பொறுமைக்கு நன்றி. வேறு ஏதாவது உதவி தேவையா?” என்று கேட்டுவிட்டு அவன் போனை வைத்தான்.

காலையிலிருந்து எல்லோரிடமும் இப்படித்தான் பேசுகிறான். ஆறு வருடமாக ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் புகார் போன்களை எடுக்கிறவன். அம்மா நேற்று மாலை போய்விட்டாள் என்று உறவுகளுக்குச் சொல்லும்போதும் வாயிலிருந்து அந்தக் குரல்தான் வந்தது. வெளியூர்ப் பெரியப்பா ஒருவர் கதறி அழுததற்கு, “உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது” என்றிருக்கிறான். பெரியப்பா அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு, “யார் பேசறது?” என்று கேட்டார்.

மூக்குக்கண்ணாடி இடதுபக்கம் சரிந்திருந்தது. ஒரு விரலால் தூக்கிவிட்டான். மறுபடி சரிந்தது. நாலு கண்ணாடிக் கடை மாறியும் இது தீரவில்லை. கடைசிக் கடைக்காரர் ஃப்ரேமை மேஜைமேல் வைத்துக் காட்டி, “இது நேராத்தான் இருக்கு சார், ஆள்தான்...” என்று இழுத்து, மரியாதைக்காக அதோடு நிறுத்திக்கொண்டார். அவனுடைய இடது காது வலது காதைவிடக் கொஞ்சம் கீழே இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

உள்ளறையிலிருந்து சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவனுடைய பங்கையும் சேர்த்து அவளே அழுதுகொண்டிருந்தாள்.

“டேய், ஒரு சொட்டு விட்டியாடா நீ? வர்றவங்க என்ன நினைப்பாங்க?”

“ட்ரை பண்றேன் சித்தி.”

“இது என்ன பரீட்சையா, ட்ரை பண்றதுக்கு?” சித்தி குரலைத் தாழ்த்தினாள். “உள்ள எங்கக்கா கெடக்கா. முன்ரூம்ல மூணு பெருசுங்க உக்காந்து கரடி பொம்மை தைக்குதுங்க. மனுஷங்களா அதுங்க? போய் ஒரு வார்த்தை சொல்லுடா.”

அவன் போனான். சொல்வதற்கு அல்ல. அந்தக் கரடியைப் பார்ப்பதற்கு.

முன்னறை மேஜையைச் சுற்றி வழக்கமான மூன்று பேரும் வழக்கமான மூன்று நாற்காலிகளில் இருந்தார்கள். நாலாவது நாற்காலியில் பஞ்சு மூட்டை வைக்கப்பட்டிருந்தது. இன்று புதன்கிழமை. பதினொரு வருடமாகப் புதன் மதியம் மூன்று மணிக்கு இந்த வீட்டில் கரடி செய்வார்கள். இன்றைக்கு வரவேண்டாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரங்கலுக்கு வந்தவர்கள், உள்ளே போய் அம்மாவைப் பார்த்து, வெளியே வந்து, பழக்கத்தில் தங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். மேஜையில் போன புதன்கிழமைக் கரடி முதுகு திறந்து கிடந்தது. அப்புறம் எப்படிச் சும்மா இருப்பது?

கணக்கு டீச்சர் துணி வெட்டுவார். ரிட்டயரான பிறகும் பையில் இரும்பு ஸ்கேல் இல்லாமல் வெளியே வராதவர். அடைப்பது பஞ்சு அங்கிளின் வேலை. முப்பது வருடம் பஸ் கண்டக்டர். ‘உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு’ என்று சொல்லிக்கொண்டேதான் இன்றும் கரடிக்குள் பஞ்சைத் தள்ளுவார். கண், மூக்கு, வாய் எல்லாம் பல் டாக்டர். ரோமத்துணியின் தையலில் மாட்டிக்கொண்ட முடியை, பல் குடையும் கொக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். காது வைப்பதும், கை கால் தலை மாட்டுவதும், கடைசியில் முதுகை மூடுவதும் அம்மா.

அம்மாவை அவர்கள் ‘போட்டோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். லைசென்ஸ் ஆபீஸில் போட்டோ எடுக்கும் கவுன்டரில் இருந்தவள். ‘தலையை நேரா வைங்க, இன்னும் கொஞ்சம், போதும்’ என்று ஊரில் பாதிப் பேரின் தலையை நிமிர்த்தியவள்.

“வாடா கண்ணு,” என்றார் டாக்டர். “கை கழுவிட்டு வந்தியா? இந்தத் தலையைக் கொஞ்சம் புடி.”

பஞ்சு மூட்டையைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு அவன் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். கரடியின் தலை அவன் கைக்கு வந்தது. தேன் நிறம், கண்ணாடிக் கண்கள், மூக்கு கறுப்பு நூலில். இரண்டு காதுகளும் இருந்தன. போன புதன்கிழமை அம்மா தைத்தவை. தைத்து முடித்து, ‘கொஞ்சம் தலை சுத்துது, அடுத்த வாரம் மாட்டிக்கலாம்’ என்று சொல்லி, இவர்களை அனுப்பிவிட்டுப் படுத்தாள். ஆறு நாள் ஆஸ்பத்திரி.

“கழுத்து வரைக்கும் அடைச்சாச்சா?” என்றார் டீச்சர்.

“ஆச்சு. தொப்பைதான் இன்னும் கொஞ்சம் லூசா இருக்கு,” என்றார் அங்கிள்.

“கையைப் பாருங்க, ஆடுது. உள்ள அட்டை வட்டம் சரியா உக்காரல.”

“பாடி ஃபுல்லா செக் பண்ணிட்டேன் டீச்சர். இனி மூடிடலாம்.”

உள்ளறையில் சித்தியின் அழுகை ஒரு கணம் நின்று, திரும்ப இரண்டு மடங்காகக் கிளம்பியது.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கரடி. அது இவ்வளவு எளிமையாக இருந்தது அவனுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பதினொரு வருடத்தில் ஐந்நூறுக்கு மேல் கரடிகள் இந்த மேஜையிலிருந்து எழுந்து போயிருக்கின்றன. வீட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் டாக்டரின் கிளினிக்குக்குப் போகும். பல் பிடுங்க வருகிற குழந்தை கரடியைக் கட்டிக்கொண்டு உட்காரும். பல்லைக் கொடுத்துவிட்டுக் கரடியை எடுத்துப் போகும். பல் கொடுத்தால்தான் கரடி. டாக்டர் தன் பேரனுக்கே இதில் சலுகை காட்டியதில்லை.

“நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஒரு பொண்ணு வருது,” என்றார் டாக்டர், நீள ஊசியில் நூல் கோத்தபடி. “ஏழு வயசு. ரெண்டு பல்லு. கரடி கெடைக்கும்னு சொல்லித்தான் ஒத்துக்க வெச்சிருக்கேன். நேத்து போன் பண்ணி என்ன கலர்னு கேக்குது.”

ஏழு வயதுக் குழந்தையோடு, அதுவும் இரண்டு பல் இழக்கப் போகிறவளோடு, போட்டி போடுவது முப்பது வயது ஆளுக்கு அழகில்லை. அவன் கரடித் தலையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் கண்ணாடியை இறக்கிக் கரடியை உற்றுப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பஞ்சு அங்கிளைப் பார்த்தார்.

“மாட்டறதுக்கு முன்னாடி ஆபரேஷனை முடிச்சிடலாமா?” என்றார் அங்கிள்.

அவன் நிமிர்ந்தான். “எந்த ஆபரேஷன்?”

அங்கிள் குனிந்து பஞ்சு மூட்டையைக் கிளறினார்.

“ஆஸ்பத்திரில வெள்ளிக்கிழமை வராண்டால நின்னு சொன்னீங்களே. ‘ஆபரேஷன் அவளுக்குத் தெரியாமலே நடக்கட்டும்’னு. நான் ட்யூட்டி டாக்டரை மூணு தடவை கேட்டேன், என்ன ஆபரேஷன் எங்ககிட்ட மறைக்கறீங்கன்னு. பாவம், அந்தாளு ஃபைலை முன்னாடியும் பின்னாடியும் பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு.”

“அய்யய்யோ,” என்றார் டாக்டர்.

“சொல்லிடுங்க,” என்றார் டீச்சர். “இனிமே யாருக்குத் தெரியக்கூடாது?”

டாக்டர் சொன்னார். அம்மா வைக்கிற இடது காது எப்போதும் கீழே இருக்கும். முதல் கரடியிலிருந்தே. கண்ணில் ஏதோ கோளாறு, பாவம், சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு வாரமும் கரடியை கிளினிக்குக்கு எடுத்துப்போய், வியாழக்கிழமை காலையில் டாக்டர் அந்தக் காதைப் பிரித்து மேலே ஏற்றித் தைத்துவிடுவார். பதினொரு வருடம். அதுதான் ஆபரேஷன்.

“ஐந்நூறு காதா?”

“ஒண்ணுகூட விட்டதில்ல,” என்றார் அங்கிள், வருத்தமும் பெருமையுமாக.

“ரொம்ப ஈசிடா கண்ணு,” என்றார் டாக்டர். “அவளுக்கு நூலை இறுக்கவே வராது. வலது காது கல்லு மாதிரி இருக்கும். இடது காது மட்டும் ரெண்டே ரெண்டு ஓட்டுத் தையல். ஒரு இழையை இழுத்தா கையோட வந்துடும். குடு.”

அவன் தலையைக் கொடுக்காமல் மேஜைமேல் பிடித்துக்கொண்டான். டாக்டர் குனிந்து, கொக்கியை இடது காதின் அடியில் விட்டு இழுத்தார். வரவில்லை. இன்னொரு பக்கம் விட்டார். விளக்கை அருகில் இழுத்து ரோமத்தை விலக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“என்னாச்சு?”

“ரெட்டை நூல்,” என்றார் டாக்டர். “நெருக்கி நெருக்கிப் போட்டிருக்கா. ரெண்டு சுத்து. முடிச்சு உள்ள.” கொக்கியை மேஜையில் வைத்தார். “இதைப் பிரிச்சா துணி கிழிஞ்சிடும்.”

அங்கிள் கையிலிருந்த பஞ்சை வெறுமனே உருட்டிக்கொண்டிருந்தார். “அப்போ அவளுக்கு இறுக்கத் தெரியும்.”

“வலது காதை இறுக்கினவளுக்கு இடது காதை இறுக்கத் தெரியாதா?” என்றார் டீச்சர், கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோல. “பதினொரு வருஷமா இது நமக்குத் தோணல பாருங்க. நாம பிரிக்கறது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. பிரிக்கறதுக்குத் தோதா தைச்சுக் குடுத்திருக்கா. இதை மட்டும் பிரிக்கக் கூடாதுன்னு தைச்சிருக்கா.”

“அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் கீழேயே வெச்சா?”

டீச்சர் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, கரடியின் நெற்றியில் வைத்து அளந்தார். “ஆறு மில்லிமீட்டர். எப்பவும் ஆறுதான். நான் அளந்து சொல்லித்தான் டாக்டர் ஏத்துவாங்க. தப்பு பண்றவ ஒரு வாரம் நாலு பண்ணுவா, ஒரு வாரம் ஒன்பது பண்ணுவா. ஐந்நூறு தடவை ஆறே வந்தா அதுக்குப் பேரு தப்பு இல்ல. அளவு.”

“எதோட அளவு?” என்றார் அங்கிள்.

அவனுக்குத் தன் லைசென்ஸ் ஞாபகம் வந்தது. பதினெட்டு வயதில் அம்மாவின் கவுன்டரில் போய் நின்றான். முன்னால் நின்ற ஆளைத் தலையை நேராக வைக்கச் சொல்லி நாலு தடவை விரட்டினாள். அவன் முறை வந்தபோது எதுவுமே சொல்லவில்லை. ஒரே தடவைதான் அமுக்கினாள். கண்ணாடி கோணலாக இருப்பது படத்தில் நன்றாகத் தெரியும். அலுவலகத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். ‘ஏம்மா சொல்லல?’ என்று ஒருமுறை கேட்டதற்கு, ‘என்ன சொல்லணும்? நல்லாத்தானே இருக்கே’ என்றாள்.

குனிந்திருந்ததில் மூக்குக்கண்ணாடி இடதுபக்கம் சரிந்து தொங்கியது. இரண்டு கையிலும் கரடித் தலை இருந்ததால் அவன் தூக்கிவிடவில்லை. நிமிர்ந்து பார்த்தான்.

டீச்சர் ஸ்கேலைக் காற்றில் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கரடியைப் பார்த்தார். திரும்ப அவனை.

“என்ன டீச்சர்?”

“ஒண்ணுமில்லப்பா.” ஸ்கேலைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

அங்கிளுக்கும் அப்போது புரிந்துவிட்டது. பஞ்சு மூட்டையின் வாயைக் கட்டுவதற்காகக் குனிந்தவர், கட்டிய பிறகும் நிமிரவில்லை. டாக்டர் தலையை வாங்கி உடம்போடு மாட்டினார். கழுத்தை இறுக்கினார். கரடியைக் குப்புறப் போட்டு முதுகை மூடத் தொடங்கினார். நூலை அறுத்தபோதுதான் அவன் பேசினான்.

“டாக்டர், எனக்கும் ஒரு பல்லு வலிக்குது.”

“எந்தப் பல்லு?”

“எதுவா இருந்தாலும் சரி.”

டாக்டர் எழுந்து வந்தார். அவன் தாடையைப் பிடித்துத் தூக்கி, “ஆன்னு சொல்லு” என்றார். அவன் சொன்னான். போனின் வெளிச்சத்தில் மேல் வரிசை, கீழ் வரிசை எல்லாவற்றையும் பார்த்தார். வாசலுக்கு வந்த சித்தி, அக்கா மகன் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பதையும் மூன்று பேர் சுற்றி நிற்பதையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

“கடவாய்ப் பல்லு ஒண்ணு சரியில்ல,” என்றார் டாக்டர். “எடுத்துத்தான் ஆகணும். அடுத்த வாரம் கிளினிக்குக்கு வா.” கரடியை எடுத்து அவன் மடியில் வைத்தார். “பல்லை அப்புறம் குடு.”

“அந்தப் பொண்ணுக்கு?” என்றார் அங்கிள்.

“இன்னொரு உடம்பு வெட்டி வெச்சிருக்கேன்,” என்றார் டீச்சர். “இங்கேருந்து நேரா எங்க வீட்டுக்குப் போய் உக்காந்தா முடிச்சிடலாம்.”

“காது யாரு வைக்கிறது?”

வெளியே ஊர்தி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஓட்டுநரும் இன்னொருவரும் வந்து அம்மாவைத் தூக்கினார்கள். படியில் திருப்பும்போது, “தலையைப் பாத்து, தலையைப் பாத்து” என்றார் பஞ்சு அங்கிள். சித்தியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அவன் பெயரை எழுதி, கீழே வழக்கம்போல் ஒரு கோடு போட்டான்.

“முன்னாடி யாரு சார் உக்கார்றீங்க?”

அவன் ஏறி உட்கார்ந்தான். கரடியை மடியில் வைத்துக்கொண்டு பெல்ட்டை மாட்டினான். ஓட்டுநர் ஒருமுறை அதைப் பார்த்தார். சாவியைத் திருகினார். மறுபடி பார்த்தார். மனிதர் மூன்று மணியிலிருந்து எதையும் கேட்கக் கூடாது என்று இருந்தவர். இருந்தாலும் கை தானாக நீண்டு வந்து, இடது காதை விரலால் மேலே தூக்கிவிட்டுப் பார்த்தது.

“காது ஒரு பக்கம் எறங்கியிருக்கு சார்.”

“ஆமா.”

விரலை எடுத்ததும் காது தன் இடத்துக்கே வந்து நின்றது. வண்டி வளைவில் திரும்பியபோது அவன் கண்ணாடி சரிந்தது. வலது கை கரடியின் வயிற்றில் இருந்தது, இடது கை அதன் முதுகில். எடுக்கவில்லை.

“நேராத்தான் இருக்கு,” என்றான். “நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”