மூன்று கோடு மருந்து

பாட்டிலில் மருந்து மூன்று கோடு இறங்கியிருந்தது. காலையில் ஒரு மில்லி, மாலையில் ஒரு மில்லி என்று முடி கொட்டாமலிருக்க உச்சந்தலையில் சொட்டுச் சொட்டாக விட்டுத் தடவுபவன் நான். எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

"நீங்களா எடுத்தீங்க?"

அப்பா டாக்ஸிக்குக் கிளம்பத் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார். "கொஞ்சந்தான்டா கியூஹோ. சம்பந்திங்கள பாக்க இன்னும் நாலு மாசம் இருக்கில்ல. அதுக்குள்ள ஏதாவது..."

"தரையில ஊத்தித் துடைச்சிருந்தா தரையாவது மினுங்கும்."

அப்பா சிரித்தார். தன் வழுக்கையைப் பற்றி யார் எது சொன்னாலும் முதலில் சிரிப்பவர் அவர்தான். மறுநாளிலிருந்து, ஸ்பிரிட் வாடையடிக்கும் அந்தப் பாட்டிலை அலுவலக மேசைக்குள் வைத்துப் பூட்டினேன்.

நான் கட்டிக்கொள்ளப்போகும் ஸேரினிடம் அவள் அம்மா பூசானிலிருந்து போனில் சொல்லியிருந்தார்: "பையனோட அப்பனுக்கு வழுக்கைன்னா வேணாம்டி. நாளைக்குப் பொறக்குற புள்ளைக்கும் அதேதான்." ஸேரின் அதை வேடிக்கையாகத்தான் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு என் பின்னந்தலையில் விரலை விட்டு, "ரெட்டைச் சுழி! ரெண்டாவது பொண்டாட்டி யாரு?" என்று அந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தாள். அன்று இரவே சித்தப்பாவின் படத்தை என் அப்பா என்று அவளுக்கு அனுப்பினேன். சித்தப்பாவுக்கு அடர்ந்த முடி. அம்மா உயிரோடு இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

சம்பந்திகளைப் பார்க்கச் சித்தப்பாதான் அப்பாவாக வருவார் என்று அப்பாவிடம் சொன்னேன். "அப்ப உங்கள யாரு கொண்டுபோய் விடுறது?" என்று மட்டும் கேட்டார்.

நாலு மாதம் கழித்து, சந்திப்புக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தப்பாவும் அவருடைய டாக்ஸியில்தான் போனோம். காருக்குள் ஸ்பிரிட் வாடை. கை கழுவும் மருந்தாக இருக்கும் என்று நினைத்தேன்.

"இங்கயே நில்லுங்க. எறங்காதீங்க," என்று உணவக வாசலில் அப்பாவிடம் சொன்னேன்.

உணவகத்தின் தனி அறையில் ஸேரினின் அம்மா சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வயசுலயும் எவ்வளவு முடி, சம்பந்தி!"

"எங்க பரம்பரையே அப்படித்தாங்க," என்றார் சித்தப்பா, சூப்பை உறிஞ்சியபடி. நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது ஸேரினின் அப்பா, நின்றிருந்த டாக்ஸியைப் பார்த்துக் கை தட்டினார். "ஸ்டேஷனுக்கு வருமா?"

வேறு வண்டி பார்க்கலாம் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. நான் சொல்லவில்லை.

அப்பா இறங்கினார். கதவைத் திறந்துவிட்டு அவர்கள் முன்னால் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றி மார்போடு சேர்த்துக்கொண்டு, இடுப்பு வரை குனிந்தார். சவாரிக்கு வருகிறவர்களை யாரும் அப்படி வணங்குவதில்லை. சம்பந்திகளைத்தான் வணங்குவார்கள்.

"என்னங்க டிரைவர், ரொம்பத்தான் மரியாதை!" ஸேரினின் அம்மா சிரித்தார். சித்தப்பாவின் பக்கம் திரும்பி, "பாவம், தலையப் பாருங்க," என்றார். சித்தப்பாவும் சிரித்தார்.

நானும் பார்த்தேன். நான்கு மாதமாக என் எதிரில் கழற்றாத தொப்பி. உச்சி வெயிலில் அந்த வழுக்கை முழுவதும், பிறந்த குழந்தையின் தலையைப் போல, பூனைமயிர் அரும்பியிருந்தது. பின்னந்தலையில் அது ஒரு சுழியாகச் சுழன்று, பக்கத்திலேயே எதிர்த்திசையில் இன்னொரு சுழியாகத் திரும்பியிருந்தது.

என் அருகில் நின்ற ஸேரின் சிரிக்கவில்லை. அவள் கை மெல்ல உயர்ந்து என் பின்னந்தலைக்குள் நுழைந்தது. விரல் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, சுற்றாமல், அப்படியே நின்றது.

அப்பா இன்னும் நிமிரவில்லை.