பெட்ஷீட்டுக்குப் பின்னால்

உமாராணிக்குக் காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் பயிற்சியை ஆன்லைனில் ஒரு வருஷமாகப் படிக்கிறாள். இன்று லைவில் தேர்வு. மேடம் முன்னால் ஒரு பாடத்தை நடத்திக் காட்டிவிட்டால் சர்டிபிகேட். சர்டிபிகேட் வந்துவிட்டால் பக்கத்து பிளாக் பள்ளியில் வேலை. தன்னையும் நாலு பேர் 'டீச்சர்' என்று கூப்பிட வேண்டும் என்பது, கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு இருக்கும் ஆசை.

காயத்ரி மேடம் லேசுப்பட்டவர் இல்லை. கேமராவை அணைக்கக் கூடாது, சொன்னால்தான் மைக்கைத் திறக்க வேண்டும், நைட்டியில் வந்து உட்காரக் கூடாது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பாடம் கேட்ட ஒருத்தி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். போன தேர்வில் ஒரு பெண்ணின் கணவர் மறைவாக நின்று பதில் சொல்லிக்கொடுத்து மாட்டினாரா, அன்றிலிருந்து இன்னொரு சட்டமும் சேர்ந்துவிட்டது. தேர்வு நடக்கும்போது வீட்டு ஆள் முகம் தெரிந்தாலோ குரல் கேட்டாலோ கேன்சல். அப்புறம் அடுத்த வருஷம்தான்.

உமாராணி வீட்டில் ஆள் என்றால் ஒரே ஆள், கணவர் கருணாகரன். சுரங்கத்தில் கன்வேயர் பிரிவு. ஷிஃப்ட் பஸ்ஸை ஒரு நாளும் விட்டதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிற மனுஷன். மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ள சாயங்காலமும் இருப்பான், பஸ் நிக்காது உமா" என்று கிளம்பியவர். அந்தப் பிள்ளை இப்போது கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான். உமாராணி அந்த வார்த்தையை மறக்கவும் இல்லை, சமயம் கிடைத்தால் குத்திக்காட்டாமல் விட்டதும் இல்லை.

குவார்ட்டர்ஸில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது ஹாலின் பின்மூலையில்தான். அங்கே உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் பாத்ரூம் கதவு. டீச்சராகப் போகிறவளுக்கு இது அழகா? புது பெட்ஷீட் ஒன்றை ஆணியில் மாட்டிக் கதவையே மறைத்துவிட்டாள். அவள் முறை கடைசியில்தான், அதற்குள் கருணாகரன் இரண்டாம் ஷிஃப்ட்டுக்குப் போயிருப்பார் என்பது கணக்கு. அவரும் பெட்ஷீட்டைத் தூக்கி, "டீச்சரம்மா, உள்ள வரலாமா?" என்று கிண்டலடித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

விதியைப் பாருங்கள், அந்த நேரம் பார்த்து அவளுக்கு முன்னால் மிச்சமிருந்த ஒரே ஊர்ப் பெண்கள் இரண்டு பேருக்கும் கரண்ட் போய்விட்டது. "உமாராணி, நீங்க வாங்க" என்றார் மேடம். திரை முழுக்க அவள் முகம்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். உமாராணி மைக்கைத் திறந்ததும் தெருமுனைக்கே கேட்கிற மாதிரி, "வணக்கம் மேடம், என் தேர்வை ஆரம்பிக்கிறேன்" என்றாள். மேடம் காதைத் தடவிக்கொண்டே, மெதுவாகப் பேசினால் போதும் என்றார். ஆனால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது.

பாடம், வாகனங்கள். அட்டையில் செய்த பஸ்ஸை ஓட்டிக்கொண்டே ஆரம்பித்தாள். பாட்டு வந்தது, அபிநயம் வந்தது. மேடம் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்போதுதான் பெட்ஷீட் அசைந்தது.

பின்னால் யார் என்று மேடம் கேட்டார். காற்று என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. மனசு வரவில்லை.

"வீட்டுக்காரர் மேடம். குளிக்கப் போனவர் வெளிய வர முடியாம உள்ளயே இருக்கார்."

மைக் மூடியிருந்தாலும் கட்டங்களுக்குள் எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது தெரிந்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. இதுவரை முகமும் வரவில்லை, குரலும் வரவில்லை, அதனால் தொடரலாம். வந்தால் கேன்சல்தான் என்றார்.

உமாராணி தொடர்ந்தாள். ஆனால் கருணாகரனுக்குத் தலை நனைந்தால் தும்மல் வரும். ஒன்றிரண்டு இல்லை, சரம் சரமாக, அக்கம்பக்கத்துக்கே கேட்கும். அதை நினைத்த மாத்திரத்தில் அவளுக்கே மூக்கு அரித்தது. உள்ளே ஏதோ 'ஹ்' என்று கிளம்பி, பாதியிலேயே அமுங்கியது.

இது போதாதென்று தெருவில் ஹாரன் அடித்தது. ஷிஃப்ட் பஸ்! வழக்கமான இடத்தில் ஆளைக் காணாததால் டிரைவர் நின்று கூப்பிடுகிறார். அட்டை பஸ்ஸுக்குப் பொருத்தமாக ஹாரனை ஒலிக்கவிட்டிருக்கிறாள் என்று நினைத்து ஒருத்தி கைதட்டும் படம் வேறு அனுப்பினாள்.

வந்துவிடுவார் என்றே உமாராணி நினைத்தாள். பெற்ற பிள்ளைக்கே நிற்காதவர், இந்த அட்டை பஸ்ஸுக்கா நிற்கப் போகிறார்? கண் திரையில் இருந்தது, காது தாழ்ப்பாளில் இருந்தது. இரண்டாவது தரமும் ஹாரன் கேட்டது. தாழ்ப்பாள் அசையவில்லை. பஸ் உறுமிக்கொண்டு கிளம்பி, சத்தம் தேய்ந்து போயிற்று.

அப்புறம் அவள் பாடிய பாட்டைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்! கணீரென்று பாடி முடித்தாள்.

"பாஸ், உமாராணி டீச்சர்" என்றார் மேடம்.

அவள் நாற்காலியை விட்டே துள்ளி எழுந்தாள். நன்றி சொல்லி, வணக்கம் சொல்லி, பெட்ஷீட்டை இழுத்தாள். உள்ளிருந்து வாய் அடைத்த மாதிரி ரகசியமாக ஒரு குரல் கேட்டது.

"லைவ கட் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன், வாங்க."

லுங்கியோடு வந்தார். கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு, வாய்க்குள் பாதித் துண்டு. அதை உருவியதும் அடக்கி வைத்த தும்மல் அத்தனையும் வரிசையாகப் புறப்பட்டது. முடித்துவிட்டு, "என்னாச்சு?" என்றார்.

"பாஸ்ங்க. ஆனா உங்க பஸ் போயிடுச்சே."

கருணாகரன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அது நாளைக்கும் வரும் உமா."

உமாராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் குத்திக்காட்ட வைத்திருந்த அந்த வார்த்தை இனிமேல் எதற்கும் உதவாது. ஷிஃப்ட்டுக்குக் கட்டி வைத்திருந்த டிபன் கேரியரைப் பிரித்து, இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.