இரண்டாவது ஜன்னல்

என் மூத்த மகள் அன்ஸியா வரைந்த அறையில் இரண்டு ஜன்னல்கள் இருந்தன. முன்பக்கம் ஒன்று, அதற்கு நேர் எதிரே பின்பக்கம் ஒன்று. பட்டறையில் செய்த சுவர்களை லாரியில் கொண்டுபோய்க் களமசேரியில் மூட்டிவிட்டால், யுனிவர்சிட்டியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி தயார். சின்னவள் ரஃபீனாவுக்கும் அந்த யுனிவர்சிட்டியில் படிக்க இடம் கிடைத்திருந்தது. மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் இடிபட்டுப் போய்வந்து அவளுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. அவள் அத்தாவை உரித்து வைத்தவள், மூச்சிரைப்பு உட்பட. அந்த விடுதியில் ஓர் அறை கிடைத்தால்தான் அவள் படிப்பு நிற்காது.

அன்ஸியாவின் முதலாளி ஆனந்தகுமார் பின் ஜன்னலை அடைக்கச் சொல்லிவிட்டார். அறைகளை முதுகோடு முதுகு ஒட்டி நிறுத்தினால் அதே நிலத்தில் இரண்டு மடங்கு நிற்குமாம். அறை நிற்கும், உள்ளே இருக்கிற பிள்ளை மூச்சு விட முடியுமா?

அன்ஸியா விடவில்லை. "மாதிரி அறையில ஒரு ஆள் படுத்துப் பாக்கட்டும் சார். பணம் போடுற டிரஸ்ட்காரங்க அவர்கிட்டயே கேக்கட்டும்" என்றாள். பூட்டிக் கிடந்த எங்கள் சுக்குக் கிடங்கின் முற்றத்தில், பின் ஜன்னல் இல்லாத மாதிரி அறையை இறக்கினார்கள். படுக்கப்போகிற ஆள் என் வீட்டுக்காரர், சுக்கு வியாபாரி கமாலுதீன்.

"உங்க அப்பாவா? சரி. ஆனா ஜன்னல் விஷயம் அவர் காதுக்குப் போகக்கூடாது. சொல்லிக்கொடுத்த சாட்சி செல்லாது" என்றார் ஆனந்தகுமார். என் மகள் நேர்மைக்குப் பிறந்தவள் அல்லவா, ஒப்புக்கொண்டாள். என் வாயையும் கட்டிப்போட்டாள். "அத்தா உள்ளதைச் சொன்னாப் போதும்மா" என்றாள்.

மனுஷன் பகலெல்லாம் அதில் படுத்தார். சாயங்காலம் சட்டையைப் பிழிந்துகொண்டு வெளியே வருவார். "அடுப்புக்குள்ள படுத்த மாதிரி இருக்கு ஹாஜரா. நெஞ்சை அடைக்குது" என்பார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஜன்னல் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

டிரஸ்டிலிருந்து கமலாக்ஷி மேடம் ஆட்களோடு வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உண்மையைச் சொல்லச் சொல்லி இவரிடம் மலையாளத்தில் கேட்டார்: "சத்தியம் பறயணும் இக்கா. உள்ளே சுகமாணோ?"

இவர் முதுகை நிமிர்த்தினார். வாங்க வந்தவன் சுக்கை ஒடித்து முகர்ந்து பார்க்கும்போது இவருக்கு வருகிற முகம் அது. ஆயுசில் ஒரு தடவைகூட, வாங்க வந்தவன் முன்னால் சரக்கைக் குறை சொன்னவர் இல்லை. எங்கள் பஜாரில் அப்படிச் சொல்கிறவனைக் கிறுக்கன் என்பார்கள்.

"ஃபஸ்ட் குவாலிட்டி மேடம்! என்னை மாதிரி இழுப்புக்காரனே சுகமா ஒறங்குறேன். கண்ணை மூடிட்டு எடுக்கலாம். என் மோள் வரைஞ்சதாக்கும்!"

அன்ஸியாவின் முகம் வெளுத்துப்போயிற்று. "அத்தா, உள்ளதைச் சொல்லுங்க."

"உள்ளதுதானே மோளே" என்று அவளைப் பார்த்துக் கண்ணடித்தார் பாவி.

என்னால் பொறுக்க முடியவில்லை. "பொய் மேடம்! நேத்துகூட அடுப்புக்குள்ள படுத்த மாதிரின்னார்!" என்று கத்தினேன்.

"நான் பகல்னா இவ ராத்திரிம்பா. கட்டின நாள்லேர்ந்து இப்படித்தான்" என்று இவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனந்தகுமார் பேனாவைத் திறந்து மேடத்திடம் நீட்டினார்.

அவர்கள் போனதும் இவர் சாயா கேட்டார். "பாத்தியா, எப்படி முடிச்சுக்கொடுத்தேன்!" அன்ஸியா அந்த அறையின் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான்தான் இவரிடம் ஜன்னல் கதையைச் சொன்னேன். சாயா கையிலேயே ஆறிப்போயிற்று.

மறுநாள் காலையில் டிரஸ்டுக்கு ஓடிப்போய் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். மகளுக்காகப் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தார்கள். பட்டறையில் பின் சுவர்களை ஜன்னல் இல்லாமலே அறுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ரஃபீனாவுக்கு அதில் ஓர் அறை கிடைத்தது. வேறு எங்கே போவாள்? வெளி விடுதிகளுக்கு எங்களால் முடியாது.

கோடையில் மீன் வறுத்து எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனோம். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. பிள்ளை கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. எங்களைப் பார்த்ததும் மூச்சு மருந்தைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

"மோளே, மூச்சு முட்டுதா?" என்றார் இவர்.

அவள் அத்தாவை ஏறிட்டுப் பார்த்தாள். அன்றைக்கு நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"ஃபஸ்ட்..." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஃபஸ்ட் குவாலிட்டி, அத்தா."

இவர் ஜன்னல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் போய்ச் சுவரில் கையை வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் யாரோ ஒரு பிள்ளை இருமிக்கொண்டிருந்தது.