அடையில் என்ன கலந்தாள்?

தேவநாதனுக்கு ஊரில் யார்மீதும் சந்தேகம் கிடையாது, கட்டிய பெண்டாட்டி ஆண்டாள் மீது மட்டும்தான்.

புதுச்சேரி டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். இவனுக்கு வந்திருப்பது சீலியாக் என்கிற நோய்; கோதுமை, மைதா, ரவை எதுவும் துளிகூட உள்ளே போகக் கூடாது, போனால் குடல் புண்ணாகும். பரோட்டாவுக்காகவே பிறவி எடுத்தவன் அன்றோடு அதை விட்டான். ஆண்டாளும் கம்பு, சாமை என்று விதவிதமாகச் செய்து போட்டாள். ஆனாலும் வயிறு உப்புவதும் கக்கூசுக்கு ஓடுவதும் நிற்கவில்லை.

அப்படியானால் யாரோ கலக்கிறார்கள். வீட்டில் சமைப்பது ஒருத்திதான். கம்பு மாவைத் தட்டினால் பிய்ந்து போகும். இவள் அடை மட்டும் எப்படி வட்டமாக நிற்கிறது? தட்டு வந்ததும் பெரிய துப்பறியும் நிபுணன் மாதிரி மோந்து பார்ப்பான். ஓரத்தைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடிப்பான். பாதியைத் தள்ளி வைத்துவிடுவான்.

ஒரு காலையில் வாயைத் திறந்து கேட்டேவிட்டான்.

"உண்மையச் சொல்லு. இதுல மைதா கலக்குறதான?"

"வெந்நி ஊத்திப் பெசஞ்சா அடை பிய்யாதுங்க. உங்களுக்கு நான் எதுக்கு வெஷம் வைக்கப் போறேன்? இன்னொரு தபா இப்படிக் கேட்டீங்கன்னா எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அப்பறம் நீங்களே ஆக்கித் தின்னுக்குங்க."

அவன் சாப்பிடாமலே வேலைக்குப் போனான்.

பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அவனுக்குப் பேக்கிங் வேலை. வைக்கோல் சுற்றிய பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கி, மேலே லேபிள் ஒட்ட வேண்டும். மதியம் ஆண்டாள் டிபன் பாக்ஸோடு அங்கேயே வந்துவிட்டாள். கோபம் தணியவில்லை, ஆனால் மனுஷன் பட்டினி கிடக்கிறானே என்று மனசு கேட்கவில்லை.

அவன் அவளைக் கவனிக்கவில்லை. சட்டியிலிருந்து பசையை விரலால் வழித்துப் பெட்டியில் பூசினான். லேபிள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அதே விரலை நாக்கில் நனைத்து ஒன்றைப் பிரித்தான். மறுபடி பசை, மறுபடி நாக்கு.

"இது என்னா பசைங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினான். "மைதாவக் காய்ச்சினது. இங்க எல்லாரும் இதுலதான..."

விரலைப் பார்த்தான். நகக்கண் வரை வெள்ளையாக இருந்தது.

ஆண்டாள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தாள். அவன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வாயையும் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். நல்ல பசி. முருங்கைக் கீரையும் சின்ன வெங்காயமும் போட்ட அடை. ஓரமெல்லாம் மொறுமொறுவென்று இருந்தது. இரண்டே வாயில் ஓர் அடையைக் காலி செய்தான்.

"இவ்ளோ ருசியா இருக்குதே! இத்தினி நாளா எப்படி எனக்குத் தெரியாமப் போச்சு?"

"இத்தினி நாளா நீங்க எங்க தின்னீங்க? மோந்துதான பாத்தீங்க."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. வாயில் இருந்ததை விழுங்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.